மட்டக்குதிரையும் மன அமைதியும்

முன்னுரை

துயரத்தைப் பிறரிடம் சொல்லி ஆறுதல் பெறுவது மனிதர்தம் இயல்பு. சொல்லாமலே ஆறுதல் பெறும் வாய்ப்பு அரிதாகவே அமைகிறது. அவ்வரிய ஆறுதலை வாயில்லா உயிர்கள் வழங்க வல்லன என்பதைக் கல்விச் சுற்றுலா ஒன்றில் நாம் நேரில் கண்டோம்.

கோடைக்கானல் ஏரிக்கரையை அடைந்ததும் மாணவர்கள் படகுத்துறைக்கு விரைந்தனர். அண்மையில் தந்தையை இழந்திருந்த மாணவர் ஒருவர் மட்டும் அவர்களோடு செல்லவில்லை. சாலையோரம் சவாரிக்காக நின்றிருந்த மட்டக்குதிரை ஒன்றன் அருகே போய் நின்றார். அதன்மேல் அவர் ஏறவில்லை. கழுத்தில் கை வைத்தபடி ஏறத்தாழ அரைமணி நேரம் நின்றார். நாம் காசு கொடுக்க முற்பட்டபோது குதிரைக்காரர் வாங்கவில்லை. "வேண்டாம் ஐயா, தம்பி நிற்கட்டும்; அதுவும் சற்று இளைப்பாறட்டும்" என்றார். அன்றிரவு உணவின்போது அம்மாணவர், பல நாள்களுக்குப் பின் தம் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அந்த அரைமணி நேரத்தில் நிகழ்ந்தது யாது? இவ்வினாவிற்கு விடை காணும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

மட்டம் என்பது யாது?

குதிரையைப் பரி, புரவி, மா, இவுளி எனப் பல பெயர்களால் தமிழ் போற்றுகிறது. உருவிற் சிறிய குதிரையை மட்டக்குதிரை என்றும், சுருக்கமாக மட்டம் என்றும் வழங்குவர். குதிரையின் உயரத்தைத் தலை வரை அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப்பகுதி வரையே அளப்பர். அவ்வளவில் ஏறத்தாழ 58 அங்குலத்திற்கு உட்பட்டவற்றை மட்டம் எனக் கொள்வது பொதுவான வழக்கம். ஸ்காட்லாந்தின் வடக்கிலுள்ள ஷெட்லாந்து தீவுகளில் தோன்றிய இனம் 42 அங்குலத்திற்கு மேற்படுவதில்லை. நம் நாட்டில் மணிப்புரி, ஸ்பிதி, ஜான்ஸ்காரி, பூட்டியா ஆகியவை புகழ்பெற்ற மட்டக்குதிரை இனங்களாகும்.

குளிரும் கரடுமுரடான நிலமும் குறைந்த தீவனமும் உள்ள இடங்களில் வாழ்ந்து பழகியமையால் இவை உறுதியான கால்களும் அடர்ந்த பிடரிமயிரும் உடையன. சிறுவரும் முதியவரும் அண்ணாந்து பார்க்காமல், முகத்தோடு முகம் நோக்கி நிற்கத்தக்க உயரம் இவற்றின் தனிச்சிறப்பு.

அச்சமே அதன் காவல்

குதிரை வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்படும் விலங்கு. எனவே அச்சத்தையே அதற்குக் காவலாக இயற்கை அமைத்துள்ளது. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருத்தலால் ஏறத்தாழ 350 பாகை அளவிற்குச் சுற்றிலும் பார்க்க வல்லது. மூக்கின் நேர்முன்னும் வாலின் நேர்பின்னும் உள்ள சிறு பகுதிகளே அதன் பார்வைக்கு எட்டாதவை. செவிகள் இரண்டும் தனித்தனியே திரும்ப வல்லன. படுக்காமல் நின்றபடியே கண்ணயரவும் அதனால் இயலும். ஆழ்ந்த உறக்கத்திற்கு மட்டுமே சிறிது நேரம் படுக்கும்.

இத்தகைய விலங்கை நெருங்க விரும்புவோர் பின்புறமாகச் செல்லலாகாது, ஓடிச் செல்லலாகாது, உரத்துப் பேசலாகாது. தோட்பக்கமாக மெல்ல நடந்து, புறங்கையை நீட்டி, அது முகர்ந்து பார்க்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். செவிகள் பின்னோக்கி மடிந்து கழுத்தோடு ஒட்டினால் அது வெறுப்பின் அடையாளம். கண் பாதி மூடி, கீழுதடு தளர்ந்து, பின்னங்கால் ஒன்றை ஓய்வாக மடித்து நின்றால் அது அமைதியின் அடையாளம்.

இங்கு ஓர் உண்மை புலப்படுகிறது. குதிரை நமக்கு அமைதியைத் தருவதற்கு முன்னர், நம்மிடம் அமைதியை வேண்டுகிறது. அதன் அருகே நிற்பதற்காகவே நாம் நடையைத் தளர்த்துகிறோம், குரலைத் தாழ்த்துகிறோம், மூச்சை நிதானமாக விடுகிறோம். ஆறுதலின் முதற்படி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மனிதரைப் படிக்கும் விலங்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி அது விடை சொல்லும். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து 1907 ஆம் ஆண்டில் உண்மையை வெளிப்படுத்தினார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண்ணை எட்டும்போது வினவியவரின் தலையிலும் முகத்திலும் அவரறியாமல் தோன்றும் மிகச் சிறிய அசைவைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தியது. கணக்கில் தோற்ற ஹான்ஸ், மனிதரைப் படிப்பதில் வென்றது எனலாம்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் நிழற்படங்களைக் காட்டியபோது, சினந்த முகத்தைக் கண்டவிடத்து அவற்றின் இதயத்துடிப்பு விரைந்து உயர்ந்ததை அவர்கள் பதிவு செய்தனர்.

இதனால், குதிரை நம் துயரத்தின் காரணத்தை அறிந்து நம்மைத் தேற்றுகிறது என்று கூறுதல் மிகையாகும். நம் உடல் நடுங்குகிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதை அது அறிகிறது என்று கூறுவதே பொருந்தும். துயருற்றோர்க்கு அதுவே பெரிது. அது வினவுவதில்லை, அறிவுரை கூறுவதில்லை, பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமில்லை.

வருடும் கையும் நடக்கும் முதுகும்

குதிரைகள் ஒன்றன் கழுத்தடியை மற்றொன்று பற்களால் மெல்லச் சொறிந்து நட்புப் பாராட்டும் வழக்கமுடையவை. அவ்விடத்தை மனிதர் வருடிக் கொடுத்தபோது குதிரையின் இதயத்துடிப்புக் குறைந்ததைப் பிரான்சு நாட்டின் கமார்க் குதிரைகளைக் கொண்டு செய்யப்பெற்று 1993 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஓய்விலிருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை வரையே துடிக்கும். மட்டங்களில் இது சற்று மிகலாம். அந்த நிதானமான உடலின் வெம்மையில் கை வைத்து நிற்பவரின் மனமும் மெல்ல நிதானம் அடைவதில் வியப்பில்லை. அம்மாணவரின் கை இருந்ததும் அக்கழுத்தடியிலேயே. ஆறுதல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

மனத்திற்கு மட்டுமன்றி உடலுக்கும் குதிரை துணை செய்யும். டென்மார்க் நாட்டின் லிஸ் ஹார்ட்டெல் அம்மையார் 1944 இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, முழங்காலுக்குக் கீழ்ச் செயலிழந்தார். பிறர் தூக்கி அமர்த்தினாலன்றி அவரால் குதிரைமேல் ஏற இயலாது. எனினும் 1952 ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர்தம் வெற்றி, உடற்குறையுற்றோர்க்குக் குதிரையேற்றப் பயிற்சி அளிக்கும் முறை ஐரோப்பாவில் பரவுதற்கு ஊக்கமளித்தது. குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசையும் விதம், மனிதர் நடக்கையில் இடுப்பு அசையும் விதத்தை ஒத்திருப்பதே இப்பயிற்சியின் அடிப்படையாகும்.

காயல்துறை தரும் பாடம்

தமிழகத்திற்கும் குதிரைக்கும் உள்ள உறவு கடல்வழி வந்த உறவு. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து அரபு வணிகர் ஏற்றி வந்த குதிரைகள் பாண்டிநாட்டுக் காயல்துறையில் இறங்கியதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அக்குதிரைகள், பேணும் முறை அறிந்தோர் இன்மையால் பெரும்பாலும் மாண்டன என்றும் அவர் எழுதுகிறார். விரும்பி வாங்கினோம், பேண அறிந்தோமில்லை.

இன்றும் இந்நிலை முற்றும் மாறிவிட்டதா? சுற்றுலாத் தலங்களில் விடுமுறை நாள் முழுவதும் சவாரி சுமக்கும் மட்டங்களைக் காண்கிறோம். 1965 ஆம் ஆண்டின் விதிகள், மட்டக்குதிரைமீது ஏற்றத்தக்க பொதியின் எடை 70 கிலோ என வரையறுக்கின்றன. சுமைவிலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் உழைக்கச் செய்தலையும் தடுக்கின்றன. விதியை அறிந்து சேணத்தில் ஏறுவோர் எத்துணைப் பேர்? முதுமையுற்றுச் சவாரிக்கு உதவாத மட்டங்கள் தெருவில் குப்பை மேய்வதையும் காண்கிறோம். குதிரைக்காரரை மட்டும் பழித்தல் முறையன்று. கொள்ளும் புல்லும் வாங்க அவரும் நாள்தோறும் போராடுகிறார். கூலியைப் பேரம் பேசிக் குறைக்கும் நாம், குறைப்பது குதிரையின் தீவனத்தையே என்பதை உணர்தல் வேண்டும்.

நிறைவாக

திருக்குர்ஆனின் 100 ஆவது அத்தியாயம் விரைந்தோடும் குதிரைகளின்மீது ஆணையிட்டுத் தொடங்கி, அடுத்து மனிதனின் நன்றியின்மையைச் சுட்டுகிறது. தன்னைப் பேணுவோனுக்காகத் தன்னுயிரையும் பொருட்படுத்தாது ஓடும் விலங்கையும், படைத்தவனை மறக்கும் மனிதனையும் எதிரெதிர் நிறுத்திக் காட்டுவதாக விரிவுரையாளர் விளக்குவர். மதீனாவில் தோட்டம் ஒன்றில் கண்ணீர் வடித்த ஒட்டகத்தின் காதருகே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்தியதையும், அதனைப் பட்டினியிட்டு வருத்திய உரிமையாளரைக் கண்டித்ததையும் அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு உரைக்கிறது. வருடிய கையும் கண்டித்த நாவும் ஒருவருடையவை என்பது ஈண்டு நினையத்தக்கது.

வாயில்லா உயிரிடம் ஆறுதல் பெறுதல் எளிது. பெற்ற ஆறுதலுக்குக் கடன் உண்டு என்பதை நினைத்தலே அரிது. சுற்றுலா முடிந்து பேருந்து புறப்படும் முன், அம்மாணவர் ஒரு கட்டுப் புல் வாங்கி அந்த மட்டத்தின் முன் வைத்துவிட்டு வந்தார். நாம் அவருக்குக் கற்பித்தவை பல. அன்று அவரிடமிருந்து நாம் கற்றது இது.