படைவீரர் பதிவேட்டில் பிழை: எங்கே போய்த் திருத்துவது?

இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கு ராணுவத் தலைமையகத்திலேயே இரண்டு பிறந்த தேதிகள் இருந்தன. அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவின் கோப்பில் 1951 மே 10. மிலிட்டரி செக்ரட்டரி பிரிவின் கோப்பில் 1950 மே 10. முதல் தேதி மெட்ரிகுலேஷன் சான்றிதழில் உள்ளது. இரண்டாவது, தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரப் பள்ளிப் பருவத்தில் நிரப்பிய விண்ணப்பத்தில் இருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் 1950-ஐத்தான் ஏற்றது. பதவியில் இருக்கும்போதே அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் உண்மையில் எந்த ஆண்டு பிறந்தார் என்ற ஆராய்ச்சியில் நீதிமன்றம் இறங்கவில்லை. பணிப் பதிவில் எந்தத் தேதி ஏற்கப்பட்டிருக்கிறது என்பதையே பார்த்தது. 2012 பிப்ரவரி 10-ல் அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு மே 31-ல் ஓய்வு பெற்றார்.

தளபதிக்கே இந்தக் கதி என்றால், 'ராணுவப்பேட்டை' என்று பெயரெடுத்த வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து சிப்பாயாகச் சேர்ந்து நாயக்காகவோ ஹவில்தாராகவோ வீடு திரும்பியவர்களின் பதிவேட்டில் பிழை இருந்தால் என்ன ஆகும்? ஓய்வூதியம், மனைவிக்குப் போகவேண்டிய குடும்ப ஓய்வூதியம், மருத்துவ அட்டை, கேன்டீன் அட்டை எல்லாமே அந்தப் பதிவேட்டை நம்பித்தான் இருக்கின்றன. பெரும்பாலான பிழைகளைத் திருத்த முடியும். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தோடு கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

பதிவேடு யாரிடம் இருக்கிறது?

ஜவான்கள், ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகள் ஆகியோரின் பணிப் பதிவுகள் டெல்லியில் இல்லை. அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோர் சார்ந்த ரெக்கார்டு ஆபீஸில் இருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின்-இயந்திரப் பொறியாளர் பிரிவான இ.எம்.இ.க்கு செகந்திராபாத், பாதுகாப்புக் காவல் பிரிவான டி.எஸ்.சி.க்கு கண்ணூர். விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ்.

ஒரு வீரர் சேர்ந்த நாளிலிருந்து அவரது வாழ்க்கை 'ஷீட் ரோல்' என்ற ஆவணத்தில் ஏறிக்கொண்டே போகும். கல்யாணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு என எது நடந்தாலும் யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' போட வேண்டும். அந்த ஆணை வெளியாகி ரெக்கார்டு ஆபீஸில் பதிவானால்தான் சம்பவம் நடந்ததாகக் கணக்கு. முருகன் கோயிலில் ஊரே கூடி நடந்த திருமணமானாலும் பார்ட் டூ ஆர்டர் இல்லையென்றால் பதிவேட்டின்படி அவர் பிரம்மச்சாரிதான்.

பிழை எங்கே புகுகிறது?

தமிழ்நாட்டு வீரர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். 'கே. முருகேசன்' என்று சேர்ந்தவரைப் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று பிரிக்கச் சொல்கிறது. ஓரிடத்தில் 'முருகேசன் கே', இன்னோரிடத்தில் 'முருகேசன் கருப்பையா', வங்கியில் வெறும் 'முருகேசன்'. ஊரில் யாரும் குழம்புவதில்லை. கணினிக்கு அவர்கள் மூன்று பேர்.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். லட்சுமி என்ற பெயரையே நாலு விதமாக எழுதலாம். ழகரம் உள்ள பெயர்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். சேர்ப்பு முகாமில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது, முப்பது வருடம் கழித்து ஆதாரோடு ஒத்துப்போகாமல் நிற்கிறது.

மனைவியின் பெயரில் வருவது இன்னொரு வகை. லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டுப் போனவர், யூனிட் கிளார்க்கிடம் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார். பதிவேட்டில் 'செல்வி', ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் 'தமிழ்ச்செல்வி'. முதல் மனைவி இறந்த தகவலைப் பதியாமல் விட்டு, பிறகு நடந்த மறுமணமும் ஏறாமல் போன குடும்பங்கள் படும் பாடு இதைவிடப் பெரிது.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது 'ஸ்பர்ஷ்'. பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான இந்த இணையவழி ஏற்பாட்டைப் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் நடத்துகிறது. வங்கிகள் மூலம் ஓய்வூதியம் பெற்றுவந்த பழைய ஓய்வூதியர்களின் விவரங்களும் இதற்கு மாற்றப்பட்டன. மாற்றத்தின்போது சிலருக்குப் பிறந்த தேதி விடுபட்டது, சிலருக்கு மனைவி பெயர் மாறியது. பல வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த பழைய பிழைகளும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன.

ஓர் எழுத்துக்கு என்ன விலை?

80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இது உண்டு. குறைந்தபட்சத் தொகையான 9,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்டாலும் 80 வயதில் மாதம் 1,800 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. அப்படியானால் வயதுக்குச் சான்று காட்டும்வரை கூடுதல் தொகை நிற்கும்.

'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தில் தொகையைத் தீர்மானிப்பது பதவியும் பணிக்காலமும். இவற்றில் ஒன்று தவறானாலும் ஒவ்வொரு மாதமும் குறையும். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு தகுதிப் பணி வேண்டும் என்பதால், பணிக்காலக் கணக்கில் விழும் சிறு பிழைகூட ஓய்வூதியத்தையே கேள்விக்குறியாக்கிவிடும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால், அந்தப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மூலத்தில் பிழையா, நகலில் பிழையா?

பணி விடுவிப்புப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் வரிசையாக வைத்து, ஸ்பர்ஷில் உள்ள விவரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இணையம் பழக்கமில்லாதவர்களுக்கு ஸ்பர்ஷ் சேவை மையங்களிலும் பொதுச் சேவை மையங்களிலும் பார்த்துத் தருவார்கள்.

டிஸ்சார்ஜ் புக்கில் சரியாக இருந்து ஸ்பர்ஷில் மட்டும் தவறு என்றால் வேலை சுலபம். ஸ்பர்ஷ் கணக்கிலேயே திருத்தக் கோரிக்கை பதிந்து ஆதாரத்தை இணைக்கலாம். ஆதாரில் மட்டும் தவறு என்றால் ஆதாரைத் திருத்துவதே முறை. ரெக்கார்டு ஆபீஸின் மூலப் பதிவிலேயே தவறு என்றால் அங்கேதான் போக வேண்டும். வங்கி மேலாளரிடம் மன்றாடிப் பயனில்லை. அவருக்கு அதைத் தொடும் அதிகாரம் கிடையாது. ரெக்கார்டு ஆபீஸ் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பிரயாக்ராஜுக்கு எழுதி, அங்கிருந்து திருத்த பி.பி.ஓ. வர வேண்டும். 'காரிஜெண்டம்' என்று முன்னாள் படைவீரர்கள் சொல்வது இதைத்தான்.

என்னென்ன காகிதம்?

ராணுவ எண், பதவி, பதிவேட்டில் உள்ளபடி பெயர், சரியான பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்ட விண்ணப்பம் முதலில். அதோடு டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார் நகல்கள். நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் எடுத்த பிரமாணப் பத்திரம். மனைவி சம்பந்தப்பட்ட திருத்தம் என்றால் திருமணச் சான்றிதழும் இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படமும். பிள்ளைகள் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ். பெயரே மாறுகிறது என்றால் பத்திரிகை விளம்பரமும் அரசிதழ் வெளியீடும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அரசிதழ் வேலையைப் பார்ப்பது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. ஒவ்வொரு ரெக்கார்டு ஆபீஸும் கேட்கும் பட்டியல் சற்று மாறுபடும் என்பதால், விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்புவதே சிறந்த வழி. அவர்கள் சரிபார்த்து மேலொப்பமிட்டு அனுப்பினால் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்தது என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் கேட்டு வாங்குங்கள். இந்த வேலைக்குத் தரகரும் வேண்டாம். போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்பவர் எந்த அலுவலகத்தையும் சேர்ந்தவர் அல்லர்.

பிறந்த தேதியும் மருத்துவப் பதிவும்

எல்லாவற்றிலும் கடினமானது வீரரின் பிறந்த தேதி. பணிக்காலத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து பிறந்த தேதியை மாற்றக் கோருவதை உரிமையாக ஏற்க முடியாது என்று 1993-ல் ஹர்நாம் சிங் வழக்கிலும், தமிழ்நாடு அரசு ஊழியர் சம்பந்தப்பட்ட டி.வி. வேணுகோபாலன் வழக்கில் 1994-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்துப் பிழை என்று மூல ஆவணத்தைக் கொண்டே காட்ட முடிந்தால் ஒழிய, இதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மருத்துவப் பதிவில் நிலைமை வேறு. சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்த தரம்வீர் சிங் வலிப்பு நோய் காரணமாக 1994-ல் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. சேரும்போது அந்த நோய் இருந்ததாக மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மருத்துவ வாரியக் குறிப்பில் நோய்க்கான காரணம் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் படித்துப் பார்க்க வேண்டும்.

பதில் வராவிட்டால்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் ஷீட் ரோல், பார்ட் டூ ஆர்டர், மருத்துவ வாரியக் குறிப்பு ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்தப் போராட்டத்துக்கும் முதல் ஆயுதம் இந்த நகல்தான். மத்திய அரசின் இணையவழிக் குறைதீர் தளத்திலும் மனு பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. துறைக்கு மனு கொடுத்து, இறுதி முடிவு வந்த பிறகோ, ஆறு மாதம் முடிவே வராத நிலையிலோ போகலாம். இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் உண்டு.

தாமதம் செலவு வைக்கும் என்பதற்கு தர்சேம் சிங் வழக்கு உதாரணம். 1983-ல் உடல்நலக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் மறுக்கப்படுவது மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் வழக்கைத் தள்ளவில்லை. ஆனால், நிலுவைத் தொகை வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அவர்களது பணி ஆவணங்கள் 25 ஆண்டு கழிந்தால் அழிக்கப்படும். 'லாங் ரோல்' எனப்படும் சுருக்கப் பதிவு மட்டுமே மிஞ்சும்.

இறந்த பிறகும் பதிவு திருந்தலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர் பெற்ற உதாரணம் இருக்கிறது. அங்கே ராணுவப் பதிவுகளைத் திருத்தவே தனி வாரியங்கள் உள்ளன. வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பர் 1882-ல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். களங்கத்தைத் துடைக்க ஆயுள் முழுக்கப் போராடி 1940-ல் இறந்தார். 1976-ல்தான் ராணுவம் அவரது பதிவைக் கௌரவமான விடுவிப்பு என்று திருத்தியது. குடும்பத்துக்கு மானம் திரும்பியது. அவருக்கு எந்தப் பலனும் இல்லை.

நம் ஊரிலும் அதேதான். வீரர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்திலும் ஒரு பிரமாணப் பத்திரத்திலும் முடியும் வேலை, அவர் போன பிறகு மனைவியின் தலையில் விழுகிறது. தான் இன்னாரின் மனைவி என்பதையே அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதனால் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கப் போகும்போதே, ஸ்பர்ஷில் உங்கள் பெயர், மனைவி பெயர், இருவர் பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர், பதவி, பணிக்காலம் இந்த ஆறையும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றைக்கே விண்ணப்பம் எழுதிவிடுங்கள்.