பிரிந்தவை கூடிய ஓவியக் காட்சி

தொடர்நிலைச் செய்யுளினின்று ஒரு பாட்டைப் பிரித்தெடுத்துப் படிப்போன் அதன் சொல்லழகை உணர்வான். ஆயின் முன்னும் பின்னும் அறியானாதலின், அதன் முழுப்பொருளை உணரான். ஓவியத்திற்கும் இஃது ஒக்கும். இவ்வுண்மையை இனிது விளக்கிய காட்சியொன்று முதலில் நியூயார்க்கிலும், பின்னர் 2025ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஜூன் வரை இலண்டன் தேசிய ஓவியச் சாலையிலும் நடைபெற்றது. இத்தாலி நாட்டுச் சியேனா நகரில் கி. பி. 1300 முதல் 1350 வரை தழைத்த ஓவியக்கலையே அதன் பொருளாம்.

அங்கு வைக்கப்பெற்றவற்றுள் தலைசிறந்தவை துச்சோ என்னும் ஓவியர் இயற்றிய பெரும் பலிபீடப் படத்தின் பகுதிகள். சியேனாப் பேராலயத்திற்கென எழுந்த அப்படம், 1311ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் ஓவியரின் பட்டறையினின்று ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பெற்றது. அன்று கடைகள் அடைக்கப்பட்டன, மணிகள் முழங்கின, நகர மாந்தர் திரண்டு சென்றனர். கன்னி மரியாளின் அரியணைக்கீழ்ச் சியேனாவுக்குச் சமாதானமும் தமக்கு வாழ்வும் வேண்டி ஓவியர் தம் பெயரைப் பொறித்தார்.

இத்தகைய படங்களை இயற்றும் முறை அறியத்தக்கது. மரப்பலகையின்மேல் துணி ஒட்டி, வெண்சுதையைப் பசையிற் குழைத்துப் பன்முறை பூசி வழவழப்பாக்குவர். பொன் விளங்கவேண்டிய இடத்தில் செங்களிமண் பூசி, மெல்லிய பொன்னிதழ் பதித்து மெருகிடுவர். பின்னர் வண்ணப்பொடியை முட்டையின் மஞ்சட்கருவிற் குழைத்து, நுண்ணிய தூரிகையால் தீட்டுவர். முகங்களுக்கு முதலிற் பச்சை மண்ணிறம் பூசி, அதன்மேற் செந்நிறம் ஏற்றுவர். மேற்பூச்சுத் தேய்ந்த பழைய படங்களில் முகங்கள் பசுமை படர்ந்து தோன்றுவது இதனாலேயாம்.

நிற்க. இருபுறமும் தீட்டப்பெற்ற துச்சோவின் படம் 1771ஆம் ஆண்டில் வாளால் அறுக்கப்பட்டது. நாளடைவிற் சிறு படங்கள் பல பிறநாடு புகுந்தன. பின்புற அடிவரிசையில் கிறிஸ்துவின் ஊழியத்தைக் காட்டுவனவற்றுள் எஞ்சியவை 8. சியேனா, இலண்டன், மாத்ரிட், வாஷிங்டன், நியூயார்க், போர்ட் வொர்த் என்னும் நகரங்களிற் சிதறிய அவ்வெட்டும், ஏறத்தாழ 250 ஆண்டுகட்குப்பின் இக்காட்சியில் ஒருங்கு நின்றன.

அவ்வாறு நின்றதனால் விளைந்த பயன் யாது? ஒரு படத்தில் இயேசு பிறவிக் குருடனின் கண்களைத் தொடுகின்றார். அப்படத்தின் வலப்பக்கத்தே அக்குருடனே மீண்டும் காணப்படுகின்றான்; சீலோவாம் குளத்திற் கண் கழுவியவன், கோலை விட்டு முகத்தை உயர்த்துகின்றான். தனித்துக் காண்போர்க்கு அவன் வெற்று வானத்தை நோக்குவதாகவே தோன்றும். அடுத்து நிற்பதோ மறுரூப மலையின் படம்! பார்வை பெற்றவன் முதற்கண் நோக்குவது மகிமை பொருந்திய கிறிஸ்துவை என்பது அப்பொழுதே விளங்கும். இவ்விரண்டும் இலண்டனுக்கே உரியன. இவற்றின் முன்னே கிணற்றருகில் நிற்கும் சமாரியப் பெண் மாத்ரிட்டினின்றும், பின்னே கல்லறை விட்டு எழும் லாசரு போர்ட் வொர்த்தினின்றும் வந்து சேர்ந்தபோது, தண்ணீர், பார்வை, மகிமை, உயிர் என அவ்வரிசை தொடர்ந்து பேசிற்று.

காட்சி முடிந்தது, படங்கள் மீண்டும் தத்தம் நகர் திரும்பின. ஆதலின், நண்பர்காள், யாதேனும் ஒரு காட்சிச்சாலையிற் பொன் ஒளிரும் பழைய பலகையொன்றைக் காணின், அதன் அழகை வியந்த அளவில் அகன்றுவிடாதீர்கள். அதனருகே முன்பு நின்றது யாது என்றும் வினவுங்கள். அதிலுள்ளோர் எங்கே நோக்குகின்றனர் என்பதை உற்றுநோக்கின், விடை ஓரளவேனும் புலனாகும்.