பறக்கும் பயத்துக்குக் கைவைத்தியம் வேண்டாம்

"ஃபிளைட்ல போறேன்ணே, தூங்கிக்கிட்டே போற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க." மருந்துக் கடைக்காரர்களுக்கு இது பழகிய கோரிக்கை. முதல்முறை வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞர், மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மா, அடிக்கடி டெல்லி மீட்டிங்குக்குப் போக வேண்டிய மேலாளர் என்று கேட்பவர்களில் எல்லா ரகமும் உண்டு. கடைக்காரர்களில் சிலர் மருத்துவர் சீட்டுக் கேட்பார்கள். சிலர் அட்டையில் நான்கைக் கத்தரித்து நீட்டிவிடுவார்கள். விமானப் பயம் உள்ளவருக்கு விமானத்தைவிட அந்தத் துண்டு அட்டைதான் ஆபத்து.

இப்படிக் கொடுக்கப்படும் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை எச்1 பட்டியல் மருந்துகள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டோடு விற்றாலும், நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காரணம் இருக்கிறது. சிலருக்கு இவை அமைதியைத் தராமல் உளறலையும் எரிச்சலையும் கிளப்பிவிடும். அது நமக்கு நேருமா என்று முப்பதாயிரம் அடி உயரத்தில் சோதித்துப் பார்ப்பது வேண்டாத வேலை. நீண்ட பயணத்தில் அசையாமல் தூங்கினால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். அவசரமாக இறங்கச் சொன்னால் எழுந்து நிற்கக்கூட முடியாது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கொண்டுபோக அந்நாட்டு அரசின் முன் அனுமதியும் மருத்துவரின் சீட்டும் வேண்டும். கசகசா பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டவர்களின் கதை ஊரெல்லாம் தெரியும். சட்டைப் பையில் கிடக்கும் மீதி மாத்திரையும் அப்படி மாட்டிவிடும் என்பதைச் சொல்ல ஆளில்லை.

இன்னொரு கைவைத்தியம் மது. நம் உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதில்லை. ஆகவே சிலர் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். போதை தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடலாம். உள்ளே ரகளை செய்தால், 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, அடிதடிக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டோ அதற்கு மேலோ பறக்கத் தடை வரும். பயத்தில்தான் குடித்தேன் என்பது அங்கே எடுபடாது.

பயம் ஏன் வருகிறது என்று கேட்கவே வேண்டாம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்குப் பயம் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் தமிழ்நாட்டுக் கணக்கு 17,884. இருந்தும் ஆம்னி பஸ்ஸில் கண்ணயர்ந்து தூங்குகிறோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்தை விட்டுக் காருக்கு மாறிய அமெரிக்கர்களால், அடுத்த ஓராண்டில் சாலைச் சாவுகள் சுமார் 1,500 கூடின என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். ஆனால் இந்தப் புள்ளிவிவரத்தைப் பயந்தவரிடம் ஒப்பித்துப் பயனில்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வியர்க்கிறதே என்பதுதான் அவர் பிரச்சினை.

எண்களைவிட விளக்கம் உதவும். நம் ஊரில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகையில், கிளம்புவதற்கு முன் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பதுபோல, அல்லது யாரோ மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் வரும். புதிதாக ஏறியவர் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவியின் சத்தம் அது, பழுதல்ல. மேலெழும்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று குறைந்து, வயிறு கீழே இறங்குவதுபோல் இருக்கும். புறப்பாட்டுக்குத் தேவைப்பட்ட முழு விசையை விமானி குறைக்கிறார், அவ்வளவுதான். இறக்கை மேலும் கீழும் அசைவதும் அப்படி வளையும்படியே அதைச் செய்திருப்பதால்தான். இரண்டு இன்ஜினில் ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்துப் பறந்து இறங்க முடியும். உயரே பறக்கும்போது கதவை யாரும் திறந்துவிட முடியாது, உள்ளிருக்கும் காற்றழுத்தமே அதை இறுக்கிப் பிடித்திருக்கும்.

குலுக்கலைப் பற்றி மட்டும் பூசி மெழுகக் கூடாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் கடுமையாகக் குலுங்கியது. 4.6 விநாடிகளில் 178 அடி இறங்கியது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். விமானம் பாங்காக்கில் பத்திரமாகத் தரையிறங்கியது. குலுக்கல் விமானத்தை உடைப்பது அரிது, பெல்ட் இல்லாத உடலைத்தான் அது தூக்கி எறிகிறது. பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் பெல்ட்டைப் போட்டபடியே இருங்கள். குலுக்கல் குறைவாகத் தெரிவது இறக்கைப் பகுதி இருக்கைகளில். வால் பக்கம் வேண்டாம்.

பீதி பிடித்தால் நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், 'செத்துவிடுவேன்' என்று தோன்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகத் தணியும். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டுங்கள். பணிப்பெண்ணிடம் "எனக்குப் பறக்கப் பயம்" என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, நீங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவராக இருந்தாலோ, பயம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். உடனே அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

நிலையான தீர்வு சிகிச்சைதான். சிபிடி எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சையில், பயத்தைத் தூண்டுபவற்றைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். முதலில் விமானச் சத்தத்தைக் கேட்பது, பிறகு விமான நிலையம் வரை போய்த் திரும்புவது, கடைசியில் ஒரு குறும்பயணம். மெய்நிகர் கண்ணாடி மாட்டி இதைச் செய்யும் முறையும் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. தூக்க மாத்திரையோடு பறப்பவருக்கு இந்தப் பழக்கம் ஏற்படவே வாய்ப்பில்லை, அவர் மூளை பயணத்தைப் பார்ப்பதே இல்லையே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்காகக் காட்டலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தனியார் மருத்துவ உளவியலாளரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒரே அமர்வில் மனோவசியம் செய்து பயத்தை விரட்டுவதாகச் சொல்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இனி உரிமைகள். அவசரக் கதவருகே இருக்கை விழுந்தால், அவசரத்தில் உதவ உங்களால் முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லி இடம் மாற்றிக் கேட்கலாம். கதவு மூடும் முன் மனம் மாறினால் இறங்கிவிடலாம். பணியாளரிடம் சொன்னால் போதும், உங்கள் பெட்டியையும் தேடி இறக்குவார்கள். மூடி நகர்ந்த பிறகு முடிவு விமானியுடையது.

ஏறாமலே விட்டுவிட்டால் மொத்தமும் போச்சு என்று நினைத்துப் பலர் பணம் கேட்பதே இல்லை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் போகலாம். ஆனால் அரசு வரிகள், பயனர் மேம்பாட்டுக் கட்டணம், விமான நிலையப் பாதுகாப்புக்காக வசூலித்தது ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. சலுகை விலை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. தர மறுத்தால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம், நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

பறக்கவே வேண்டாம் என்று தீர்மானிப்பதும் உங்கள் உரிமைதான். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது, அந்தமானுக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடல் பயணம். மழைக்காலத்தில் நாகைக் கப்பல் நின்றுவிடுவது உண்டு, டிக்கெட் எடுப்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.