மார்கழிப் பனியில் மலைச்சரக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் நமது கடைகளில் மலைச்சரக்கின் வரத்து கூடிவிடும். பொங்கலை ஒட்டி மலை வாழைக்கும், காய்கறிக்கும், பூண்டுக்கும் உள்ள கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளையும் பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, வெளியூர் வியாபாரிகளும் கொடைக்கானல் பூண்டு என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். இந்தச் சரக்கெல்லாம் நம்மிடம் வந்து சேரும் வழி மலைப்பாதை. பாதை மிகவும் மோசமாக இருப்பதும் இதே மாதங்களில்தான்.

"நம்ம ஊரில் பனி என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சினிமாவில் காட்டுகிறபடி காஷ்மீரத்துப் பனி கொடைக்கானலில் கொட்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு சேர்ந்து இறங்கும் மூடுபனி ஒன்று. அது மேகமே ரோட்டில் வந்து உட்கார்ந்த கதை; பத்தடிக்கு அப்பால் தெரியாது. மார்கழி, தையில் வானம் தெளிந்த இரவுகளில் ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும் உறைபனி இன்னொன்று. 7,000 அடி உயரத்தில் மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுவதால் இது விழுகிறது. புல்லில் உறைகிற அளவுக்கு ரோட்டில் உறைவதில்லை. ஆனாலும் வெயில் படாத மர நிழல் வளைவுகளில் ஈரம் பத்து மணி வரை காய்வதில்லை. உதிர்ந்த இலையும் மண்ணும் அதில் கலந்தால் வழுக்குப் பாறைதான்.

வண்டிக் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் சிலர் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி ஊற்றுகிறார்கள். கண்ணாடி விரிந்துவிடும். சாதாரணத் தண்ணீரும் துணியும் போதும். உள்பக்கம் ஆவி படிந்தால் ஜன்னலைச் சிறிது இறக்கி வைக்க வேண்டும். (கண்ணாடியில் புகையிலை தேய்க்கும் பழைய வைத்தியம் மழைக்குத்தான், ஆவிக்கு ஆகாது.) மூடுபனியில் ஹெட்லைட்டை டிம்மில்தான் வைக்க வேண்டும். பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்.

பனியைவிடப் பெரிய ஆபத்து பிரேக் சூடு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரக்கோடு சேர்த்து 5 டன் எடையுள்ள ஒரு வண்டி கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை சுமார் 1,800 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வண்டி விட்டுவிட வேண்டிய சக்தி எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 300 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான அளவு. இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் தின்றுவிடும். மீதியை எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்தான் அத்தனையையும் தாங்கும். சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கிறது. பிரேக் ஆயில் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த ஈரம் கொதிநிலையைக் குறைத்துவிடும். ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கிவிடும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று செய்தித்தாளில் வருகிறதே, அதில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது அதனால்தான். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் குறைக்கக் கூடாது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது மகா தவறு. கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசலையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சினை ஓடவைக்க டீசல் செலவாகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவமும் ஏரும் நின்றுவிடும்.

இதெல்லாம் டிரைவர் பாடு என்று நாம் நினைத்தால் அது சரியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் என் கடைக்கு கேரட் லோடு வரவேண்டியிருந்தது. கழுவிய கேரட் மூட்டை. தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றியது. "நாலு மணிக்குள் மண்டியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் விலை போய்விடும்" என்று டிரைவருக்கு இரண்டு முறை போன் செய்தேன். வண்டி ஏழு மணிக்கு வந்தது. நான் கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முன் சக்கரத்தைக் காட்டினார். டிரம் பக்கத்தில் பெயிண்ட் கருகியிருந்தது. பெருமாள்மலைக்குக் கீழே பெடல் இறங்கிவிட்டதாம். முதல் கியரில் உருட்டி, மலைப்பக்கச் சுவரோரம் அணைத்து நிறுத்தி, சூடு ஆறும் வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுவாரம்தான் கேட்டேன்.

அன்றிலிருந்து மலை லோடுக்கு நேரம் சொல்வதை விட்டுவிட்டேன். பிற்பகலிலேயே ஏற்றி, இருட்டும் முன் மலையிறங்கி, அடிவாரத்தில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு விடியற்காலை மண்டிக்கு வரச் சொல்கிறேன். ஓர் இரவு பேட்டா கூடுதலாகிறது, அவ்வளவுதான். இரவு 2 மணி முதல் 5 மணி வரை மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். அதிலும் வளைவெல்லாம் முடிந்து, குளிர் விட்டு, சமவெளியின் நேர் ரோட்டுக்கு வந்ததும் கண் தானாகச் செருகும்.

இரண்டு வண்டி ஒதுங்க முடியாத குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது 1989-ம் ஆண்டுச் சாலை விதியிலேயே இருந்தது. 2017-ம் ஆண்டு விதியிலும் இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைப் பாதையில் வாழைத்தார் ஏற்றி வரும் வேன்காரர்கள் இதை மறக்கக் கூடாது. இன்னொரு கெட்ட பழக்கம்: ஏற்றத்தில் நின்ற வண்டிக்குச் சக்கரத்தடியில் கல் வைத்துவிட்டு, புறப்படும்போது கல்லை நடுரோட்டிலேயே விட்டுப் போவது. பின்னால் மூடுபனியில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்தக் கல்தான் எமன். மரக்கட்டை இரண்டைக் கயிறு கட்டி வண்டியிலேயே வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

மழைக் காலத்தில் மண்சரிவைப் பற்றிய விசாரிப்பும் அவசியம். 2018 நவம்பரில் கஜா புயலின்போது கொடைக்கானல் பாதைகளில் மரமும் மண்ணும் விழுந்து போக்குவரத்து அறுந்ததை நம் உறுப்பினர்கள் பலர் அனுபவித்திருக்கிறார்கள். மேலே உள்ள வியாபாரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகே வண்டியை அனுப்பலாம்.

ஆப்பிளுக்காக வடக்கே வண்டி அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே உருகிய பனி ராத்திரியில் மறுபடி உறைந்து, வெறும் ஈர ரோடு போலவே தெரியும். அதில் எந்த பிரேக்கும் பிடிக்காது. டயருக்குச் சங்கிலி கட்டாமல் போவதில்லை என்பது அந்த ஊர் டிரைவர்களின் வழக்கம். நம் பிள்ளைகள் அவர்களைக் கேட்டு நடப்பது நல்லது.

கடைசியாகச் சட்ட விஷயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். வண்டி உரிமையாளர் ஓட்டாவிட்டாலும், அவருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின்பேரிலேயே பாரம் ஏறியதாகக் கோர்ட் கருத இடமுண்டு. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ வண்டியில் வந்தால் அவருக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டு. 1994 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது இது. வழியில் கைகாட்டி, மூட்டைமேல் ஏறி வருகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வத்தலக்குண்டு வரைதானே என்று இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்ளும் டிரைவரிடம் இதை மலையேறும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.