யந்திரம் காலமறியும் வகை

தகட்டிலே பொருள் செய்யும் ஆலையொன்றிற் புகுந்து சற்றே நின்று பார்ப்போமாயின், தகடொன்று வந்து தன் இடத்தில் நிற்பதையும், மேலிருந்து ஓர் இரும்புத்தலை இறங்கி அதனை அழுத்துவதையும், தலை மேலேறியதும் காற்று ஊதிச் செய்த பொருளை வெளியே தள்ளுவதையும், அடுத்த தகடு அவ்விடத்துக்கு வருவதையும் காண்போம். தகடு வருமுன் தலை இறங்கினால் வேலை வீண். தலை ஏறுமுன் அடுத்த தகடு வந்தால் அச்சு உடையும். மனிதனின் கை உள்ளே இருக்கையில் தலை இறங்கினாலோ கை போய்விடும். இத்தனையையும் உரிய வேளையில் நிகழச் செய்வது யாது? யந்திரத்தினுள்ளே கடிகாரம் இருக்கின்றதா என்று தேடினால் பெரும்பாலும் அங்கே இருப்பன, சுழலும் தண்டொன்றிற் கோத்த சில வட்டத் தகடுகளும், அவற்றின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில சிறிய ஆளிகளுமே.

ஸ்விச்சு என்பதை நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்கள் ஆளி என வழங்குகின்றன. யானையையும் கொல்லும் விலங்கென இலக்கியத்தில் வரும் ஆளியை அறிந்த மாணவர், மின்சார ஆளி என்றதும் நகைப்பதுண்டு. மின்னோட்டத்தை ஆள்வது ஆளி எனக் கொண்டால் அச்சொல்லில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இனி, விளிம்பு முழுவட்டமாயிராது ஓரிடத்திற் புடைத்தும் ஓரிடத்திற் தாழ்ந்தும் அமைந்த தகட்டைப் பட்டறையிலே 'காம்' என்பர். தமிழகத்தார் நெம்புருள் என்று பெயரிட்டுள்ளனர். உருண்டுகொண்டே பிறிதொன்றை நெம்புவதாதலின் அப்பெயர் பொருந்தும். நெம்புருளின் புடைப்பு ஓர் ஆளியின் நெம்புகோலைத் தள்ளி மின்சுற்றைத் திறக்கவோ மூடவோ செய்யுமாயின், அவ்விரண்டும் சேர்ந்தது நெம்புருள் ஆளியாகும்.

மின்சாரத்துக்கு முன்னரே நெம்புருள் உண்டு. 1206ஆம் ஆண்டில் அல்-ஜசரி என்னும் பொறிவல்லார் முடித்த நூலிலே, நீரின் விசையாற் சுழலும் உருளையொன்றின் முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, படகில் அமர்ந்த பாவைகள் மேளங் கொட்டும் அமைப்பொன்று விவரிக்கப்படுகின்றது. முளை நின்ற இடமே தாளம் விழும் வேளையாயிற்று. இன்றைய ஆலைக் கருவியின் அடிப்படையும் இதுவே.

இக்கருவியை நம் பழைய மாணவருள் மூத்தோர் பலர், பெயரறியாமலே தம் கையாற் திருத்தியிருப்பர். 1956ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரை நினைக்க. அதன் டிஸ்றிபியூற்றர் மூடியைக் கழற்றினால் நடுவிலே நான்கு புடைப்புள்ள நெம்புருள் ஒன்றும், அருகே 'பொயின்ற்' எனப்படும் தொடுமுனை இரண்டும் தோன்றும். புடைப்பு வந்து தள்ளும்போது முனைகள் பிரியும். பிரிந்த அக்கணத்திலே சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் எழுந்து பிளக்கிற் பொறி பறக்கும். முனைகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறிட்டால் அவற்றுள் 14 முதல் 16 வரையே. பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டைச் செருகி அதனைச் சரிபார்ப்பர். டிஸ்றிபியூற்றரின் உடலையே சற்றுத் திருப்பினால் பொறி முந்தும் அல்லது பிந்தும். நுண்ணிய திருத்தத்துக்கெனப் பக்கத்திலே சிறு திருகொன்றும், முந்தலுக்கு 'ஏ', பிந்தலுக்கு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துகளும் உண்டு. 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகி, யாழ்ப்பாணத்திற் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் நம்மிற் பலருக்கு மறந்திராது. மண்ணெண்ணெய் பெற்றோலினும் எளிதில் இயந்திரத்துள் முட்டித் தட்டும் இயல்பினது. அதற்குப் பொறியைச் சற்றுப் பிந்தவிடுதலே முறை.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது. நெம்புருள் காலத்தை அறியாது. அது இடத்தையே அறியும். தண்டு இத்தனை பாகை திரும்பிவிட்டது என்று அதனாற் கூறமுடியும். இத்தனை செக்கன் கழிந்தது என்று கூறமுடியாது. எரிபொருள் எரிவதற்கு வேண்டியதோ பாகையன்று, காலம். நிமிடத்துக்கு 1000 முறை சுழலும் இயந்திரம் ஒரு மில்லிசெக்கனில் 6 பாகை திரும்புகின்றது. 3000 முறை சுழலும்போது அதே மில்லிசெக்கனில் 18 பாகை திரும்பிவிடுகின்றது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி முந்தவேண்டும். இதற்காகவே டிஸ்றிபியூற்றரின் அடியிலே இரு சிறு எடைகளை வில்லிற் பிணைத்து வைத்துள்ளனர். சுழற்சி கூடினால் அவை வெளியே விரிந்து நெம்புருளைத் தாமாக முன்னே திருப்பும். பாட்டின் எடுப்பு சமத்தில் அமையாது தாளத்துக்கு முன்னே அமைவதை இசையறிந்தோர் அதீதம் என்பர். யந்திரத்துக்கும் அதீதம் வேண்டியிருக்கின்றது; அதன் அளவுதான் வேகத்துக்கு வேகம் மாறுகின்றது.

ஆலைகளிற் பயன்படும் நெம்புருள் ஆளியில் ஒரே தண்டிற் பல நெம்புருள்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. அவற்றைத் திருத்தத்தக்கனவாக ஆக்கும் வழி மிக எளியது. அரைவட்டம் புடைத்தும் அரைவட்டம் தாழ்ந்தும் உள்ள இரு தகடுகளை அருகருகே ஒன்றாகக் கோத்து, ஆளியின் உருளி அவ்விரண்டின் மேலும் ஒருங்கே ஓடும்படி செய்வர். புடைப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் ஆளி 180 பாகைக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஒரு தகட்டை 60 பாகை திருப்பினால் இரு புடைப்புகளும் சேர்ந்து 240 பாகையை அடைத்துக்கொள்ளும்; தாழ்ந்த பகுதி 120 பாகையே எஞ்சும். இவ்வாறு ஒரு தகட்டின் விளிம்பு தொடக்கத்தையும் மற்றதன் விளிம்பு முடிவையும் குறிக்கின்றன. புதிய நெம்புருளை வெட்டி எடுக்கவேண்டியதில்லை. பூட்டுத் திருகைத் தளர்த்தித் தகட்டைத் திருப்பினாற் போதும். சிலவற்றிற் புழுச்சக்கரம் பொருத்தித் திருகாணியாற் சிறிது சிறிதாக நகர்த்தவும் வசதி செய்துள்ளனர்.

முதலிற் கண்ட அழுத்துபொறிக்கு மீள்வோம். அதன் பெருந்தண்டு ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் இரும்புத்தலை ஒருமுறை இறங்கி ஏறும். தலை உச்சியில் நிற்பது 0 பாகை, அடியிற் தொடுவது 180 பாகை. பெருந்தண்டிலிருந்து ஒரு சங்கிலி நெம்புருள் தண்டை ஒன்றுக்கு ஒன்றாகச் சுழற்றும். ஒரு நெம்புருள் தகடு ஊட்டுவதற்கு, ஒன்று காற்று ஊதுவதற்கு, ஒன்று எண்ணெய் தெளிப்பதற்கு என அமையும். எல்லாவற்றினும் முதன்மையானது தலையை உச்சியில் நிறுத்தும் நெம்புருள். இதனைத் திருத்தும் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தல் தகும். தொழினுட்பப் பிரிவில் உயர்தரம் கற்கும் நம் மாணவர் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்வாராக.

பொறி நிமிடத்துக்கு 60 முறை அடிக்கின்றது எனக் கொள்வோம். அப்படியாயின் தண்டு செக்கனுக்கு 360 பாகை திரும்பும். ஆளி திறந்ததும் பொறி உடனே நின்றுவிடாது. மின்னோட்டம் அறுந்து, அடைப்பிதழ் மாறி, கிளச்சிலுள்ள காற்று வெளியேற 50 மில்லிசெக்கன் ஆகின்றது என்போம். அதற்குள் முழுவேகத்தில் 18 பாகை கழியும். அதன்பின் பிறேக்குப் பிடித்து 100 மில்லிசெக்கனிற் சீராக வேகத்தைக் குறைத்து நிறுத்துமாயின், சராசரி வேகம் பாதியாதலின் மேலும் 18 பாகை கழியும். மொத்தம் 36. ஆதலின் உச்சியில், அஃதாவது 360இல், நிற்கவேண்டிய தலைக்கு 324ஆம் பாகையிலேயே ஆளி திறக்கவேண்டும்.

இனி அதே பொறியை நிமிடத்துக்கு 30 ஆகக் குறைத்து ஓட்டினால் யாது நிகழும்? வேகம் பாதியாயிற்று, எனவே 18 பாகை போதும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். காற்று வெளியேறும் காலத்திற் கழிவது 9 பாகை. பிறேக்குப் பிடிக்கும்போது கழியும் பாகையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதாதலின் 4½ பாகை மட்டுமே. மொத்தம் 13½. நெம்புருள் 324இலேயே இருப்பின் தலை உச்சியை அடைய 22½ பாகை இருக்கும்போதே நின்றுவிடும். ஊட்டும் கருவி தன் வேலையைத் தொடங்கப் போதிய இடைவெளி கிடையாது போகலாம். காரிலுள்ள இரு எடைகளைப் போல இங்கும் ஏதேனும் இருந்தாலன்றி, வேகத்தை மாற்றுந்தோறும் நெம்புருளையும் திருத்தவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கணக்கிலே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கின்றது. அதனைக் கூறவே இவ்வளவும் கூறினோம். பிறேக்குத் தேய்ந்து, நிறுத்துவதற்கு 100 மில்லிசெக்கனுக்குப் பதிலாக 200 எடுக்கின்றது என்க. அப்போது பிறேக்கிற் கழிவது 36 பாகை, மொத்தம் 54. தலை உச்சியைக் கடந்து 18 பாகை இறங்கி நிற்கும். காண்போர் யாவருக்கும் இக்குறை தெரியும். அதனை நீக்கத் தக்க வழி பிறேக்கைப் புதுப்பித்தல். ஆனால் அதற்கு வேலையை நிறுத்தவேண்டும், உதிரிப்பாகம் வாங்கவேண்டும். நெம்புருளை 324இலிருந்து 306க்குத் திருப்ப ஐந்து நிமிடமும் ஒரு திருப்புளியும் போதும். தலை மீண்டும் சரியாக உச்சியில் நிற்கும், மேற்பார்வையாளரும் மகிழ்வார். பிறேக்கோ தேய்ந்தபடியே இருக்கும்.

கைக்கு வரும் தீங்கு உச்சியிலன்று, தலை இறங்கும் வழியிலே. இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினாலன்றி இறங்காத பொறிகளில், ஒரு கையை எடுத்தவுடன் தலை நிற்கவேண்டும். மனிதன் கை நீட்டும் வேகம் செக்கனுக்கு 1.6 மீற்றர் எனக் கொண்டு, பொத்தான்கள் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் எனக் கணிப்பது உலக வழக்கு. முன்சொன்ன பொறி நிற்க 150 மில்லிசெக்கன் எடுத்தது. அதற்கு 24 சென்ரிமீற்றர் வேண்டும். வேறு காரணங்களுக்காகக் கூட்டும் தூரத்தை இங்கே விடுகின்றோம். தேய்ந்த பிறேக்குடன் அது 250 மில்லிசெக்கனாகி, வேண்டிய தூரம் 40 சென்ரிமீற்றர் ஆகின்றது. பொத்தான்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நெம்புருளைத் திருப்பியவர் 16 சென்ரிமீற்றரைக் களவாடிவிட்டார். உச்சியில் அழகாக நிற்கும் தலை அக்களவை மறைக்கின்றது.

ஆதலினாலேயே நன்கமைந்த பொறிகளில் உச்சிக்கு அப்பால் இன்னொரு நெம்புருளை வைப்பர். தலை உச்சியைக் கடந்து 15 பாகையளவு சென்றுவிட்டால் அஃது அடுத்த அடியைத் தடுத்துவிடும். இந்நெம்புருளைத் தொழிலாளர் தொடமுடியாதபடி பூட்டி வைத்தல் நன்று. ஆயினும் முதல் நெம்புருளை முன்னே தள்ளி வைப்பவரை இது கண்டுபிடிக்காது. கண்டுபிடிப்பது, ஆளி திறந்ததற்கும் தண்டு நின்றதற்கும் இடைப்பட்ட காலத்தைத் தனியே அளத்தல் ஒன்றே.

வேறு இரண்டு செய்திகளையும் சுருக்கமாகக் கூறலாம். நிறுத்துவதற்கான ஆளியைத் திறப்பது நெம்புருளின் புடைப்பாக இருக்கவேண்டும், வில்லாக இருத்தலாகாது. வில் முறியும், தொடுமுனைகள் சில வேளை உருகி ஒட்டிக்கொள்ளும். புடைப்பு நேரே தள்ளித் திறக்குமாயின் ஒட்டியவற்றையும் பிரித்துவிடும். மற்றையது சங்கிலி. அஃது அறுந்தால் பெருந்தண்டு சுழல, நெம்புருள்கள் அசையாது நிற்கும். நிறுத்தென்று சொல்ல எவருமில்லாமற் தலை அடித்துக்கொண்டேயிருக்கும். சங்கிலி தளர்ந்தாலோ அறுந்தாலோ உடனே மின்னோட்டத்தை அறுக்கும் தனியாளி ஒன்று இதற்காக வைக்கப்படுகின்றது.

இக்காலத்திற் பல ஆலைகளில் நெம்புருள்களின் இடத்தை, தண்டின் கோணத்தை எண்ணாக மாற்றும் மின்னணுக் கருவிகள் பெற்றுவிட்டன. 324 என்பதைத் திருப்புளியாலன்றிப் பொத்தான்களால் எழுதுகின்றனர். வேகம் மாறினால் எத்தனை பாகை முந்தவேண்டும் என்பதையும் அக்கருவியே கணித்துக்கொள்கின்றது. டிஸ்றிபியூற்றரின் இரு எடைகள் செய்த வேலையே இது. திருத்துவது எளிதானது போலவே மறைப்பதும் எளிதாயிற்று என்பதை உணர்ந்தோர், ஒவ்வோர் அடியிலும் நிற்கும் காலத்தை அளந்து, அது குறித்த எல்லையைக் கடந்தால் அடுத்த அடியைத் தடுக்கும் கருவியையும் உடன் சேர்த்துள்ளனர். அத்தகைய கருவி இல்லாத பழைய பொறியை வைத்திருப்போருக்கு ஒரு கொப்பியே போதும்: நெம்புருளின் கோணம், அளந்த நிறுத்தற் காலம், திகதி என்னும் மூன்றையும் திருத்துந்தோறும் அதில் எழுதி, பொறியின் அருகிலேயே தொங்கவிடலாம். கோணம் 324இலிருந்து 320, 315, 306 எனத் தேய்ந்து வருவதை அடுத்துவரும் வேலைநேரத்தார் யாவரும் அதிற் காண்பர்.