மூளையிற் பதிக்கும் கருவியும் அதனை ஏற்கும் மனிதரும்

முண்ணாண் பழுதுற்றவிடத்தும் மூளை வாளாவிருப்பதில்லை. கையை அசைக்க எண்ணுங்கால் அதற்குரிய நரம்புக்கலங்கள் மின்துடிப்புக்களை எழுப்பியே நிற்கின்றன. அவை கையைச் சென்றடையும் வழியே அடைபட்டுக் கிடக்கின்றது. அத்துடிப்புக்களை மூளையிலேயே பெற்றுக் கணினியாற் பொருள் தெரிந்து வேறொரு கருவியை இயக்குதல் கூடும். மூளையிற் பதிக்கும் கருவிகளின் அடிப்படைத் தத்துவம் இதுவேயாம்.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, கத்திக்குத்தினாற் கழுத்தின்கீழ் இயக்கமிழந்திருந்த மத்தியூ நேகிள் என்னும் இளைஞரின் மூளையில் 96 மின்வாய்கள் கொண்ட சிறு தகடொன்று பதிக்கப்பெற்றது. 4 மில்லிமீற்றர் பக்கமுடைய அத்தகட்டின் துணையால் அவர் எண்ணத்தினாலேயே கணினித் திரையிற் சுட்டியை நகர்த்தினார். பக்கவாதத்தாற் கைகாலும் பேச்சும் இழந்த பெண்மணியொருவர் இயந்திரக் கையாற் புட்டியை எடுத்துத் தாமே பருகிய செய்தி 2012இல் வெளியாயிற்று. நரம்பு நோயாற் பேச்சிழந்த இன்னொருவர் சொல்ல முயன்றவற்றை நிமிடத்துக்கு 62 சொல் வீதம் கணினி எழுதிக் காட்டியமை 2023இல் வெளிவந்தது. 2024 சனவரியில் நியூறாலிங்க் நிறுவனம் 1,024 மின்வாய்களுடைய கருவியை முதன்முறையாக மனிதரொருவருக்குப் பதித்தது. சில வாரங்களுள் அதன் நுண்ணிழைகள் பல இடம்பெயர்ந்தன. கணினி நிரலைத் திருத்தியே இழந்த செயற்றிறனை மீட்டனர்.

இவற்றை வியந்து பாராட்டுவோர் ஒன்றை மறத்தலாகாது: பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. முதற் பரிசோதனைகள் முதன்மையாக ஆராய்வது கருவியால் தீங்கு விளையுமா என்பதனையே. சத்திரசிகிச்சையில் இரத்தப்பெருக்கும் கிருமித்தொற்றும் நேரலாம். மின்வாய்களைச் சூழ வடுவிழையம் வளர, குறிகள் காலப்போக்கில் நலிதலும் உண்டு. இத்துணையும் அறிந்து உடன்படுவோர், தமக்கு வரும் பயனினும் பின்வருவோர்க்கு வரும் பயனையே பெரிதும் ஈட்டித் தருகின்றனர்.

இயன் பேர்க்கார்ட் என்பார் 2014இல் ஒகையோவிற் பதிக்கப்பெற்ற கருவியினால், இயக்கமிழந்த தம் கையை ஆய்வுகூடத்தில் மீண்டும் அசைத்தார். 2021இல் அக்கருவி அகற்றப்பட்டது. ஒருமுறை இழந்த கையை அவர் இரண்டாம் முறையும் இழந்தார் என்னலாம்.

ஆதலின் உடன்பாட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன்னரே சில வினாக்களுக்கு விடை வேண்டும். ஆய்வு முடிந்தபின் கருவியைப் பேணுவோர் யார்? அகற்ற நேரின் செலவை ஏற்போர் யார்? மூளையினின்று பெற்ற பதிவுகள் யாருக்கு உரியன? 2021இல் சிலி நாடு மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்குமாறு தன் அரசியலமைப்பைத் திருத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது. தம் மூளையையே ஆய்வுக்களமாகத் தந்தவரை ஆய்வு முடிந்ததும் கைவிடாதிருத்தல், விஞ்ஞானம் அவர்க்குச் செய்யும் உதவியன்று; அவர்பாற் பட்ட கடனாகும்.