மின்னழுத்தத்தில் ஒரு கமகம்

தோட்டக் கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவின் கீபோர்டிலிருந்து நாதஸ்வரம் எழும்போது, நாம் கேட்பது என்றோ யாரோ ஊதிப் பதிவான ஒலியைத்தான். பழைய அனலாக் சிந்தசைசரில் அப்படிப் பதிவு எதுவும் கிடையாது. வெறும் மின்சாரத்திலிருந்து ஒலியைக் கட்டியெழுப்பும் கருவி அது.

1981-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜூபிட்டர்-8ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பலகை நிறைய நகர்த்திகளும் பொத்தான்களும் இருப்பதால் முதல் பார்வைக்கு மிரட்டும். இடமிருந்து வலமாகப் படித்துப் போனால் மிரட்சி போய்விடும். ஒலி பிறந்து வெளியேறும் வழி ஏறத்தாழ அதே வரிசையில் இருக்கிறது.

ஒலி பிறக்கும் இடம் ஆசிலேட்டர். அது மின்னழுத்தத்தை நொடிக்கு 440 முறை ஏற்றி இறக்கினால், ஸ்பீக்கரும் 440 முறை அதிர்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் வடிவம்தான் ஒலியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ரம்பப்பல் வடிவ அலையில் 440-உடன் 880, 1320, 1760 என எல்லா மடங்குகளும் மெலிந்துகொண்டே சேர்ந்து ஒலிக்கும். சதுர அலையிலோ 1320, 2200 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டும். நாதஸ்வரக் குழல் கீழே போகப்போக விரிவதால் அதில் எல்லா மடங்குகளும் உண்டு. அந்த நாதத்தைத் தேடுபவர் ரம்பப்பல்லில் தொடங்க வேண்டும். ஏ.கே.சி. நடராஜன் வாசித்த கிளாரினெட்டின் குழல் பெரும்பாலும் ஒரே அகலம். அதன் தாழ்ந்த சுவரங்களுக்குச் சதுர அலை நெருங்கிய உறவு. குழலின் வடிவம் அலையின் வடிவத்தில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அடுத்து ஃபில்டர். அதன் எல்லையை 1000-இல் வைத்தால் 440-உம் 880-உம் தாராளமாகக் கடக்கும், மேலுள்ளவை தேயும். ரெசொனன்ஸைக் கூட்டினால் எல்லையோரத்து ஒலிகள் கூர்மையாகக் கத்தும்.

பிறகு என்வலப்: ஒலி எவ்வளவு விரைவாக எழ வேண்டும், எவ்வளவு விரைவாகத் தணிய வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும், விரலை எடுத்தபின் எப்படி அடங்க வேண்டும் என்பதற்கு நான்கு நகர்த்திகள். பறையடிக்கு உடனே எழுந்து உடனே விழ வேண்டும். ஊதும் வாத்தியத்துக்கு விரல் இருக்கும்வரை நிற்க வேண்டும். இதே என்வலப்பை ஃபில்டருக்கும் கொடுத்தால், மூச்சு ஏறும்போது நாதம் கூர்மையாவதுபோல ஒலி தானே பிரகாசமாகும்.

இவை அனைத்துக்கும் பொது மொழி மின்னழுத்தம். 1964-இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் உருவாக்கிய கருவியில் 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் ஸ-வுக்கும் மேல் ஸ-வுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு நுண்சுருதியும் ஏதோ ஒரு வோல்ட் அளவுதான். கமகம் என்பது அந்த அளவுகளுக்கிடையே வழுக்கிச் செல்வது.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் இதைச் செய்து காட்டினார். ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களைப் பதிவுசெய்தார். அவற்றில் பூபாலி நம் மோகனத்துக்கும், மால்கௌன்ஸ் இந்தோளத்துக்கும் இணை. டிபி-303-இன் ஸ்லைடு வசதி ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும். ஆனால் எல்லாச் சுவரங்களையும் ஒரே பாங்கில்தான் அது வழுக்க வைக்கும். ராகமோ ஒரு சுவரத்தை அசைத்து, மற்றொன்றை அசையாமல் நிறுத்தச் சொல்கிறது. அதற்குத்தான் ஜூபிட்டர்-8இன் இடது ஓரத்தில் கையால் தள்ளும் பெண்டர் இருக்கிறது.